சோத்தோங் சாமியும் ஜெனிட்டாவின் ஒரு வரி வசனமும்

1. பெரட்டுக்குப் போனபோது

அந்த ஜந்துவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. சின்னப் பொட்டு இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தார்கள். இடுப்பில், அதாவது இடுப்பு என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில், ஒரு மஞ்சள் துணி. காலடியில் இரண்டாக வெட்டிய எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், பாதி எரிந்து அணைந்த சுருட்டு.

கையில் காலைப் பசியாறப் பொட்டலங்களோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். அன்று அந்த ஜந்துவைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டிய என் ஆட்கள், அதன் எதிரே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுக் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

என் பெயர் தேவி. சினிமாப் படப்பிடிப்புகளுக்குக் கூட்டம் அனுப்புவது என் வேலை. கோலசிலாங்கூரிலிருந்து கெர்லிங் வரைக்கும் யார் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள், யாருக்கு அழுகை வரும், யாருக்கு ஓடினால் மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் கையுறைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். கையுறையை மேய்த்தவள் மனிதர்களை மேய்க்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். கையுறை எவ்வளவோ தேவலாம். விடிந்ததும் வாட்ஸாப்பில் "அக்கா வயித்து வலி" என்று செய்தி போடாது.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். படப்பிடிப்பிலும் நான் செய்வது அதுதான். முதுகுக்குப் பின்னால் என்னை மண்டோர் அக்கா, அதாவது கங்காணி அக்கா, என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கூப்பிடட்டும். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அந்தக் குங்கும விவகாரத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

2. எறும்புக் கதை

எங்கள் பக்கம் பேய்ப் படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு பட்டப்பகலிலேயே இருட்டாக இருக்கும், அவர்களுக்கு வசதி. போன் செய்து, "காக் தேவி, எல்லா இனமும் இருக்கணும், அப்பதான் நல்லாருக்கும்" என்பார்கள். காக் என்றால் மலாயில் அக்கா. எல்லா இனமும் என்றால் எங்கள் தமிழ் ஆளில் ஒருவர். அவர் பெரும்பாலும் வாட்ச்மேன். கையில் டார்ச் லைட்டோடு "யாரது" என்று கேட்டபடி புதருக்குள் போவார், அதோடு சரி. படத்தின் பெயர் திரையில் வருவதற்கு முன்னால் எங்கள் ஆள் செத்திருப்பார். சாகாத வேடம் வேண்டுமென்றால் மந்திரவாதி இருக்கிறது. இல்லாவிட்டால் பின்னணியில் நின்று முணுமுணுக்கும் கூட்டம்.

பொண்ணுங்களுக்கு அதுகூட இல்லை, வெறும் பிணம்தான். அந்த வேலையில் ஜெனிட்டாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எறும்பு கடித்தாலும் அசைய மாட்டாள். மழையில் நனைந்தபடி வாய் திறந்து கிடப்பாள், கண்ணில் தண்ணீர் விழுந்தாலும் இமைக்க மாட்டாள். புக்கிட் செந்தோசாவில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை செய்கிறாள். அவள் உள்ளேயிருந்து நோயாளி பேரைக் கூப்பிட்டால் வாசலில் நிறுத்திய காடிக்குள் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்திருப்பவர் எழுந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறாள். இப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் படுத்துக் கிடப்பதுதான் சினிமாவில் அவளுக்குக் கிடைத்தது. அவள் மாமியார் வேறு, "செத்துக் கெடக்கறதுக்கு யாராச்சும் லீவு போடுவாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அப்படியிருக்கும்போது வந்தவர்தான் ஃபாரிஸ். ஷா ஆலாமில் பிறந்து, வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்த இளம் டைரக்டர். மரியாதையான பிள்ளை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு பழைய தோட்டத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். என்னோடு மலாயில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது பேய்ப் படம் இல்ல காக்," என்றார். "பேய்க்கு நம்ம மேல கோபம் இருக்கும், இல்ல ஆசை இருக்கும். இது வேற. நட்சத்திரங்களுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு வருது. நாம இருக்கோம்னே அதுக்குத் தெரியாது. நடந்து போறப்ப எறும்ப மிதிக்கறோம்ல, எறும்பு மேல நமக்குக் கோபமா? இல்ல. கவனிக்கவே இல்ல. அதான் பயங்கரம்."

"இதுல என்ன தம்பி பயம்," என்றேன். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தோட்டத்துத் துரைங்க அப்படித்தான இருந்தாங்க."

ஃபாரிஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அதில் எதையோ தட்டி வைத்துக்கொண்டார். டைரக்டர்களிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான், எது எங்கே போய் முளைக்கும் என்று தெரியாது.

3. பேர் வாங்கிய ஷாலினி

அந்தப் படத்துக்குப் பணம் போட்டவர்கள், எந்த இனத்தை எப்படிக் காட்டுகிறோம் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆலோசகர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி வந்தவள் ஷாலினி. கோலாலம்பூரில் பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில் வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் விலை கேட்டு வாங்குகிறவள் மாதிரி நிதானமாகப் பேசுவாள். வந்த முதல் நாள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். அதை மட்டும் திருத்தினேன். மற்றபடி கெட்டிக்காரி.

கதையில் தோட்டத்து மக்கள் தீ மூட்டி, அந்த ஜந்துவைச் சுற்றி வந்து, புரியாத பாஷையில் மந்திரம் ஓதி அதைக் கும்பிடுவதாக எழுதியிருந்தது. ஷாலினி அதைப் படித்துவிட்டு நேராக ஃபாரிஸிடம் போனாள்.

"உலகத்துல எங்க இந்த மாதிரிப் படம் எடுத்தாலும் கறுப்பா இருக்கறவங்கதான் அதக் கும்பிடறாங்க," என்றாள். "வெள்ளைக்காரன் பாத்தா சயின்டிஸ்ட். நாம பாத்தா பக்தர். ஏன், நாம பாத்தா பயப்பட மாட்டோமா? இவங்க நார்மல் மனுஷங்க. பாப்பாங்க, பயப்படுவாங்க, ஓடுவாங்க. யாரும் கும்பிட மாட்டாங்க."

ஃபாரிஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் விடாமல் மல்லுக்கு நின்றாள். கம்ப்யூட்டரில் அந்த மாதிரிப் படங்களைப் போட்டுக் காட்டினாள். கடைசியில் மந்திரம் போயிற்று, தீயும் போயிற்று. தோட்ட மக்கள் ஜந்துவைப் பார்த்ததும் அலறி ஓட வேண்டும், சிலர் பாராங் கத்தியை எடுத்து அதன்மேல் வீச வேண்டும் என்று மாற்றி எழுதினார்கள்.

இன்னொன்றும் செய்தாள். ஜெனிட்டாவின் வேடத்துக்குக் கதையில் "உள்ளூர்ப் பெண் 2" என்றுதான் இருந்தது. ஷாலினி அதற்கு மல்லிகா என்று ஒரு பேரும், "ஓடுங்க, அது வருது" என்று ஒரு வரியும் வாங்கிக் கொடுத்தாள். அதைச் சொன்ன கையோடு மல்லிகா சாக வேண்டும்.

"பேரு வாங்கிட்டேன் அக்கா," என்று என்னிடம் சொன்னாள். "உயிர் வாங்கப் பாத்தேன், முடியல."

ஜெனிட்டாவுக்கு உயிரைப் பற்றிக் கவலையே இல்லை. சேதி சொன்னதும் போனிலேயே அழுதுவிட்டாள். "ஒரே ஒரு வரி போதும் அக்கா. ஒரு வாட்டி தேட்டர்ல என் குரல் கேக்கணும். அதுக்கப்புறம் எப்படி வேணாலும் கொன்னுக்கட்டும்." கிளினிக்கில் சம்பளமில்லாத லீவு போட்டாள். சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் "ஓடுங்க, அது வருது" என்று சொல்லிப் பார்த்ததில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை நிஜமாகவே வெளியே ஓடி வந்துவிட்டாராம்.

4. சேஃப்டி லா

ஜந்து கோலாலம்பூரிலிருந்து பெரிய லோரியில் வந்து இறங்கியது. ரப்பரும் சிலிக்கானும் இரும்புக் கம்பியும் சேர்த்துச் செய்தது. ஒரு வீட்டு உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஏகப்பட்ட கண், கை இருக்க வேண்டிய இடத்தில் நீள நீளமாக வால். உள்ளே காற்றுக் குழாய் வைத்து, பின்னால் மறைவாக இரண்டு பேர் உட்கார்ந்து இயக்குவார்கள். விளக்கு வேலைக்கு வந்த, செகிஞ்சான் ஊர்ச் சீனப் பையன்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோத்தோங்" என்றார்கள். கணவாய் மீனுக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பேர் அதுதான். அதோடு படத்தில் வைத்த பேரை எல்லோரும் மறந்தோம்.

தோட்டத்து எல்லையில் ஒரு பெரிய மரத்தடியில் அதை நிறுத்தினார்கள். மறுநாள் பகல் முழுக்கப் படப்பிடிப்பு. சாயந்திரம் சோத்தோங் வேறு கம்பெனிக்குப் போயாக வேண்டும். "நாளைக்குள்ள முடியலேன்னா கூட்டத்தையே எடுத்துட வேண்டியதுதான் காக்," என்று ஃபாரிஸ் சொன்னார். "ஹீரோவ மட்டும் தனியா நிக்க வெச்சு, ஜந்துவ கம்ப்யூட்டர்ல போட்டுக்குவேன்." கூட்டம் போனால் மல்லிகாவும் போவாள், அந்த ஒரு வரியும் போகும். அன்றே ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். "நேரத்தோட வந்துடறேன் அக்கா," என்றாள்.

மறுநாள் காலைதான் அந்தக் குங்குமம்.

கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி நின்றவர் பெருமாள் அண்ணன். கெர்லிங்காரர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயில் திருவிழா என்றால் உடுக்கை அடிப்பார்.

"என்னா அண்ணே இது," என்றேன்.

"நாங்க ஒண்ணும் தப்பு செய்யல தேவி. முதல் நாள் பூசையில கேமராவுக்குச் சூடம் காட்டினோம், லைட்டுக்குக் காட்டினோம், சாப்பாட்டு லோரிக்குக்கூட எலுமிச்சங்காய் வெச்சோம். மெலாயு தம்பிங்க துவா ஓதினாங்க, சீனப் பையனுங்க ஊதுவத்தி ஏத்தினாங்க. இது பின்னாடி வந்துச்சா, இத மட்டும் விட்டுட்டோம். இவ்ளோ பெரிய உருவம், மரத்தடி, எல்லை வேற. உள்ள யாரும் இல்லாம வெறுமனே நிக்க வைக்கலாமா? வேற எதாச்சும் வந்து குடியேறிட்டா யாரு பொறுப்பு? அதான் நேத்து வீட்டுக்குப் போறதுக்கு முந்தி ஒரு எலுமிச்சங்காய வெட்டி வெச்சோம். சேஃப்டி லா."

"சரி, சேஃப்டி. இப்ப இதப் பாத்து பயந்து ஓடணும், பாராங் வீசணும். நேத்தே சொன்னேன்ல."

"நேத்து அது ரப்பர். இன்னிக்கு சாமி. சாமியப் பாத்து யாராச்சும் அலறிக்கிட்டு ஓடுவாங்களா? கத்திய வீசச் சொல்றியே, உனக்குக் கை வருமா?"

எனக்குக் கை வராதுதான். ஆனால் மண்டோர் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "கொஞ்சம் இருங்க," என்று மட்டும் சொன்னேன்.

அப்போது ஷாலினி வந்தாள். குங்குமத்தைப் பார்த்தாள், மஞ்சள் துணியைப் பார்த்தாள், வரிசையாக இருந்த செருப்பைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எவ்வளவு சண்டை போட்டேன் அக்கா," என்றாள். "நம்ம மக்கள் இதக் கும்பிடவே மாட்டாங்கன்னு எழுதி வாங்கினேன்."

"நீ வாங்கினது படத்துல," என்றேன். "இவங்க கும்பிடறது நெஜத்துல. ரெண்டும் வேற டிப்பார்ட்மெண்ட்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போய்க் கிட்டே போனால், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃபாரிஸ் வந்து பார்த்தார். "அழிச்சிடலாமே காக்," என்றார். என் ஆட்களில் ஒருவரும் அசையவில்லை. மேக்கப் போடும் மலாய்ப் பெண் ஐனுனைக் கூப்பிட்டார். அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனாள், திரும்பி வந்தாள். "இது எங்க வழக்கம் இல்ல போஸ், ஆனா அடுத்தவங்க வெச்சத நான் தொட மாட்டேன்," என்றாள். செகிஞ்சான் பையன்களைப் பார்த்தார். அவர்கள் உடனே விளக்கு வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். சுருட்ட வேண்டிய வயரே அங்கே இல்லை. ஆளாளுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஆளாளுக்கு ஒரு பெருநாள் என்று பிரிந்து கிடக்கிற நாட்டில், அன்றைக்கு அந்த மரத்தடியில் அத்தனை பேருக்கும் ஒரே அபிப்பிராயம் இருந்தது.

கடைசியில் ஃபாரிஸே பஞ்சை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். குங்குமத்துக்கு நேராக முகம் வந்ததும் கொஞ்ச நேரம் நின்றார். இறங்கி வந்தார்.

"ஆங்கிள மாத்தலாம்," என்றார்.

ஆங்கிளை மாற்றலாம், ஆட்களை எப்படி ஓட வைப்பது? வெயில் ஏறிக்கொண்டே போனது. ஃபாரிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பசியாறிட்டு அவங்கள வீட்டுக்கு அனுப்பிடுங்க காக், ஹீரோவ வெச்சு முடிச்சிக்கறேன்," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

ஜெனிட்டா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். மல்லிகாவின் பழைய கைலியும் சட்டையும் போட்டு, முகத்தில் சேறு பூசித் தயாராக இருந்தாள். சேறு பூசிய முகத்தில் இரண்டு கண் மட்டும் நனைந்திருந்தது. பெருமாள் அண்ணன்மேல் வந்த கோபத்தில், அந்த எலுமிச்சங்காயை எடுத்து அவர் தலையிலேயே தேய்க்கலாமா என்றிருந்தது.

5. யாரு நீ

"வழியே இல்லையா அண்ணே," என்று அவரிடமே கேட்டேன்.

அவரும் ஜெனிட்டாவைப் பார்த்துவிட்டார். மனிதர் கல் இல்லை. "ஒண்ணு செய்யலாம்," என்றார். "உத்தரவு கேக்கலாம். இந்த மாதிரி சினிமாவுக்கு ஓடப்போறோம், கத்தி வீசப்போறோம், வெளையாட்டுக்குத்தான், சம்மதமான்னு கேக்கணும். சம்மதம்னா செஞ்சிடலாம்."

எங்கள் பக்கம் இது புதிதில்லை. எந்தச் சாமியாக இருந்தாலும் முதலில் யார் என்று கேட்போம், என்ன வேண்டும் என்று கேட்போம். யாராவது ஒருவர்மேல் இறங்கிச் சொல்லும். இல்லாவிட்டால் பல்லி சொல்லும், பூ விழும். கோபித்துக்கொள்ளும், திட்டும், சேவல் கேட்கும், போன வருஷம் சொன்னதை ஏன் செய்யவில்லை என்று மானத்தை வாங்கும். ஆனால் கேட்டால் பதில் வரும்.

"அப்ப நீங்களே கேளுங்க," என்றேன்.

"வெச்சவன் கேக்கக்கூடாது. வேற யாராச்சும் கேக்கணும்."

யாரும் முன்னால் வரவில்லை. ஆளாளுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள்.

"நான் கேக்கறேன்," என்றாள் ஜெனிட்டா.

"நீ வேதக்காரப் பொண்ணுமா," என்றார் பெருமாள் அண்ணன்.

"கேள்விதான அண்ணே. கேக்கறதுக்குக் குரல் இருந்தா போதாதா?"

அவர் யோசித்தார். "என்ன கேக்கணும்னு தெரியுமா?"

"கிளினிக்ல தெனம் அதத்தான கேக்கறேன். யாரு நீங்க, எங்கேர்ந்து வர்றீங்க, என்ன வேணும்."

கூட்டம் விலகி வழி விட்டது. ஜெனிட்டா வெறுங்காலோடு போய் சோத்தோங் முன்னால் நின்றாள். கழுத்தை நிமிர்த்தி அத்தனை கண்ணையும் பார்த்தாள். ஃபாரிஸ் என் பக்கத்தில்தான் இருந்தார். அவர் கை மெதுவாக உயர்ந்து கேமராக்காரருக்கு ஏதோ காட்டியதைப் பார்த்தேன்.

"யாரு நீ," என்று கேட்டாள் ஜெனிட்டா.

அந்தக் குரலை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. செம்பனை வரிசைகளுக்குள் போய்த் திரும்பி வந்தது அது.

"எங்கேர்ந்து வந்த? உனக்கு என்ன வேணும்? சொல்லு."

நாங்கள் காத்திருந்தோம். பல்லி இல்லை, காற்று இல்லை, பூவும் விழவில்லை. யார்மேலாவது இறங்குமா என்று எல்லோரும் பெருமாள் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி நின்றார், கண்ணைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"உங்கிட்டதான் கேக்கறேன்," என்றாள் ஜெனிட்டா மூன்றாவது தடவை. "என்ன வேணும் உனக்கு?"

பின்னால் மறைவில் இருந்தவர்களுக்கு இங்கே நடப்பது ஒன்றும் தெரியாது. காலையில் குழாயைச் சோதிக்க வேண்டும், சோதித்தார்கள். மேலே இருந்த நீளமான வால் ஒன்று மெதுவாகத் தாழ்ந்தது. ஜெனிட்டாவை நோக்கி வந்தது. அவள் அசையவில்லை. பிணமாக இருந்து பழகியவள் அல்லவா? வால் அவள் தலைக்கு மேலாக, முடியைத் தொடாமல், அங்கே ஒருத்தி நிற்கிறாள் என்பதே தெரியாத மாதிரி நகர்ந்து போய், வேறு எங்கோ ஒரு பக்கம் நின்றது. கண்களும் அந்தப் பக்கம் திரும்பின.

யாரும் அலறவில்லை. என் ஆட்கள் எல்லோரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஓர் அடி பின்னால் போனார்கள். நானும் போனேன். அது ரப்பர் என்று தெரியும், உள்ளே குழாய் இருப்பது தெரியும், இருந்தும் போனேன். ஃபாரிஸின் எறும்புக் கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துரை பதில் சொல்ல மாட்டார், ஆபீசில் பதில் சொல்ல மாட்டார்கள், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். அதனால்தான் பதில் சொல்கிற ஒன்றை மரத்தடியில் நாங்களே வைத்துக்கொண்டோம். அங்கே போய்க் கேட்டும் பதில் இல்லையென்றால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஃபாரிஸ் "கட்" சொல்ல மறந்துவிட்டார். கேமராக்காரர்தான் அவராக நிறுத்தினார்.

முதலில் பேசியது பெருமாள் அண்ணன். "இது சாமி இல்ல," என்றார். "கேட்டும் சொல்லல, பாக்கவும் இல்ல." விறுவிறு என்று போனார். வாழைப்பழத்தை எடுத்தார், மஞ்சள் துணியை அவிழ்த்தார், ஏணியில் ஏறிக் குங்குமத்தைத் தன் துண்டாலேயே துடைத்தார். கடைசியாகச் சுருட்டை எடுத்து, "இதுக்கு எதுக்கு சுருட்டு," என்று சொல்லித் தானே பற்ற வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஓடச் சொன்னபோது அவர்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாராங் வீசச் சொன்னதும் வீசினார்கள். அட்டையில் செய்த பாராங்தான், ஆனாலும் சோத்தோங்கின் இரண்டு கண் பெயர்ந்துவிட்டது. பெருமாள் அண்ணன் வீசியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் ஷாலினி ஃபாரிஸைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாம எடுத்தீங்க. அவகிட்ட கேட்டுட்டுத்தான் படத்துல வைக்கணும்." ஃபாரிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்து ஜெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்டார், வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வைங்க," என்றாள் ஜெனிட்டா. "ஆனா நான் 'ஓடுங்க' சொல்லவே இல்லையே."

"அது வேணாம். நீங்க கேட்டதுதான் இனி மல்லிகா வசனம். அப்புறம் மல்லிகா சாக வேணாம். அது இவளக் கவனிக்கவே இல்ல, எப்படிக் கொல்லும்?"

ஜெனிட்டா சோற்றைக் கிளறினாள். பிறகு என் காதில், "சாகறது எனக்கு நல்லா வருமே அக்கா," என்றாள்.

6. கீழே வந்த எழுத்து

படம் வந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரவாங் பேரங்காடியில் பார்க்கப் போனோம். ஜெனிட்டா, அவள் புருஷன், மாமியார், சர்ச் ஆட்கள், பெருமாள் அண்ணன், நான். ஷாலினியும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். தேட்டரில் எல்லா இனமும் இருந்தார்கள். எங்கள் பின்வரிசையில் ஒரு சீனப் பெரியவர், சோளப்பொரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

படத்தின் பெயர் வந்தது, எங்கள் ஆள் ஒருவரும் சாகவில்லை. அதற்கே பெருமாள் அண்ணன் கைதட்டினார்.

பிறகு அந்த இடம் வந்தது. திரை முழுக்க ஜெனிட்டாவின் சேறு பூசிய முகம். "யாரு நீ," என்று கேட்டாள். நாலு பக்கத்து ஒலிபெருக்கியிலும் அவள் குரல். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரைக்கு அடியில் மலாயில் எழுத்து வந்தது: உள்ளூர்ப் பெண் மந்திரம் ஓதுகிறாள்.

அவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்கிறாள், கீழே மந்திரம் என்கிறான். வசனத்தை மொழிபெயர்க்கக் கொடுத்த கம்பெனியில் யாரோ தமிழ் தெரியாதவர், கறுப்பாக ஒருத்தி, மரம், ஜந்து என்று பார்த்துத் தானாகவே முடிவு கட்டியிருக்கிறார். ஷாலினி எழுந்தே நின்றுவிட்டாள். "மாத்த வைக்கறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வீட்டில் பார்ப்பதற்கு வந்த பதிப்பில் மாற்ற வைத்தும் காட்டினாள். ஆனால் அந்த நிமிஷம் தேட்டரில் தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கேள்வி புரிந்தது, மற்றவர்கள் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். ஜெனிட்டாவின் குரல் கேட்டது, அவள் கேட்டது போய்ச் சேரவில்லை.

நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் எனக்கு அழுகை வரும் என்று தெரியும்.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சீனப் பெரியவர் குனிந்து, தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம், அவள்தான் திரையில் இருப்பவள் என்று தெரியாமலே, மலாயில் கேட்டார். "தங்கச்சி, இது மந்திரம் மாதிரி இல்லையே. அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

ஜெனிட்டா திரும்பினாள். கிளினிக்கில் பேசுவது மாதிரித் தெளிவாக, அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி மலாயில் சொன்னாள். "அது மந்திரம் இல்ல அங்கிள். யாரு நீ, எங்கேர்ந்து வந்த, உனக்கு என்ன வேணும்னு கேக்குது."

"ஓ," என்றார் பெரியவர். திரையில் வால் தாழ்ந்துகொண்டிருந்தது. "அப்ப அது என்ன பதில் சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல அங்கிள்."

பெரியவர் திரையைப் பார்த்தார். சோளப்பொரிக்குள் போன கை அங்கேயே நின்றது. பக்கத்திலிருந்த மலாய்ப் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வால் ஜெனிட்டாவின் தலைக்கு மேலே கடந்து போனபோது, பெரியவர் தரையில் இருந்த இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஜெனிட்டாவும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேடத்துக்குப் பேர் இருக்கிறதா என்று கேளுங்கள், வசனம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். இப்போதெல்லாம் யாராவது போன் செய்து எல்லா இனமும் வேண்டும் என்றால், எங்கள் ஆள் வாயைத் திறக்கும்போது கீழே என்ன எழுதுவீர்கள் என்று நான் கேட்டுவிடுகிறேன். சிலர் உடனே சொல்கிறார்கள். சிலர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். சிலரிடமிருந்து பேச்சே வருவதில்லை. பதில் வராத இடத்துக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.